தங்கச்சி கல்யாணத்தில் அப்பா குரல்: ஏஐ வாழ்த்து போடலாமா?

தாமிரபரணிக்காரன் கேட்டது:

வணக்கம் மக்களே. ஆவணியில் தங்கச்சிக்குக் கல்யாணம். வீட்டில் ஒரு பஞ்சாயத்து ஓடிக்கொண்டிருக்கிறது. அப்பா தவறி இரண்டு வருஷம் ஆகிறது. ரிசப்ஷனுக்கு வீடியோ எடுக்க வருகிறவர் புதிதாக ஒரு பேக்கேஜ் காட்டினார். இறந்துபோன அப்பாவோ தாத்தாவோ எல்இடி ஸ்கிரீனில் வந்து மணமக்களை வாழ்த்துவார், உதடு அசையும், கண் சிமிட்டும், குரலும் அவர் குரலேதான். நாலைந்து போட்டோவும் சுத்தமான ரெண்டு நிமிஷக் குரலும் கொடுத்தால் போதுமாம். தாய்மாமா அங்கேயே அட்வான்ஸை எடுத்து நீட்டப் போய்விட்டார், நான்தான் கையைப் பிடித்து நிறுத்தினேன். "கலைஞரையே கொண்டுவந்து பேச வைத்தார்கள், கேப்டனைப் படத்திலேயே காட்டினார்கள், உங்கப்பன் வரக் கூடாதாடா?" என்கிறார். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.

அப்பாவுக்கு டைப் அடிக்க வராது, எல்லாமே வாய்ஸ் நோட்தான். என் போனில் எக்கச்சக்கமாகக் கிடக்கிறது, அதனால் குரலுக்குப் பஞ்சமில்லை. அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சொல்லாமல் சர்ப்ரைஸாகப் போட வேண்டும் என்பது மாமாவின் திட்டம். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அம்மா இன்னும் அப்பா நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டிருக்கிறாள், அந்தப் போன் பூஜை அலமாரியில் சார்ஜிலேயே இருக்கிறது. மண்டபத்தில் முந்நூறு பேர் முன்னால் திடீரென்று அந்தக் குரல் கேட்டால் அவள் என்ன ஆவாள் என்று தெரியவில்லை. இன்னொரு பக்கம் எனக்கே கேட்க ஆசையாக இருக்கிறது, பொய் சொல்ல விரும்பவில்லை. நீங்களாக இருந்தால் செய்வீர்களா?

பழைய கேசட்:

தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. நான் சாகுல் ஹமீது பைத்தியம், 'ராசாத்தி என் உசுரு' கேசட்டைத் தேயத் தேயக் கேட்டவன். மனுஷன் 1997-லேயே கார் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். 2024-ல் 'லால் சலாம்' படத்தில் 'திமிரி எழுடா' பாட்டில் ரஹ்மான் அந்தக் குரலைத் திரும்பக் கொண்டுவந்தபோது நான் வண்டியில் போய்க்கொண்டிருந்தேன், ஓரமாக நிறுத்திவிட்டேன். கூடவே 2022-ல் இறந்த பம்பா பாக்யாவின் குரலும். இரண்டு குடும்பத்திலும் அனுமதி வாங்கினோம், உரிய பணமும் கொடுத்தோம் என்று ரஹ்மானே வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். அப்புறம் என்ன பிரச்சினை? அதே வருஷம் பவதாரிணி இறந்த சில மாதத்தில் யுவன் 'கோட்' படத்தில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாட்டை அவர் குரலில் கொண்டுவந்தார். அக்கா குரலைப் பாட்டில் வைக்கத் தம்பியை விட யாருக்கு உரிமை இருக்கிறது? அதே படத்தில் விஜயகாந்தைக் காட்டியதும் பிரேமலதாவிடம் கேட்டுவிட்டுத்தான்.

அனுமதி கேட்காமல் செய்வதுதான் தப்பு. எஸ்பிபி குரலை ஒரு தெலுங்குப் படத்தில் சொல்லாமல் கொள்ளாமல் பயன்படுத்தியதற்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் விட்டார், அது நியாயம். உங்கள் வீட்டு விஷயத்தில் நீங்கள்தானே பிள்ளை? யாரிடம் அனுமதி கேட்கப் போகிறீர்கள்?

ட்ராக் அக்கா:

பழைய கேசட் அண்ணாவுக்கு ஒரு சின்னத் திருத்தம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கம்ப்யூட்டர் தானாக உட்கார்ந்து அப்படி ஒரு பாட்டைப் பாடிவிடாது. பெரும்பாலும் முதலில் உயிரோடு இருக்கிற ஒருவர் முழுப் பாட்டையும் பாடி வைக்கிறார், அந்தப் பாட்டின் மேல் இறந்தவரின் குரலைப் போர்த்துகிறார்கள். எங்கே மூச்சு விடுவது, எந்த எழுத்தில் அழுத்துவது, சங்கதி எங்கே விழுகிறது எல்லாம் அடியில் பாடியவருடையது. குரலின் நிறம் மட்டும்தான் மாறுகிறது. நீங்கள் வண்டியை நிறுத்திக் கேட்டதில் பாதி, பேர் தெரியாத இன்னொருவர் பாடியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் ட்ராக் பாடுகிறவள், அதாவது பாடகர் வந்து பாடுவதற்கு முன்னால் மாதிரிக்குப் பாடி வைக்கிறவள். ஒரு சின்ன ஸ்டூடியோவில் பக்திப் பாட்டு ஒன்றுக்கு ட்ராக் பாடினேன், ஆயிரத்து ஐநூறு ரூபாய், டீயும் பஜ்ஜியும். ஏழெட்டு மாதம் கழித்து அதே பாட்டு வேறொரு பெண் குரலில் வருகிறது. குரல் என்னுடையது இல்லை. ஆனால் ரெண்டாவது சரணத்தில் 'அருளே' என்று ஆரம்பிக்கும் முன்னால் ஒரு திருட்டு மூச்சு இழுப்பேன், அன்றைக்குச் சளி, அதனால் அந்த மூச்சு கொஞ்சம் கிர்ரென்று இருக்கும். அந்தக் கிர் அப்படியே இருந்தது! சளி என்னுடையது, பாட்டு யாருடையதோ. போன் போட்டுக் கேட்டேன், "அப்படியெல்லாம் இல்லம்மா" என்று வைத்துவிட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன் தம்பி. பேச்சுக்கு ரெண்டு வழி. ஒன்று, எழுதிக் கொடுத்தால் மிஷின் படிக்கும். அது செய்தி வாசிக்கிற தமிழில்தான் பெரும்பாலும் வரும், உங்கள் அப்பாவின் திருநெல்வேலி இழுப்பெல்லாம் போய்விடும். ரெண்டாவது, ஒருவர் பேசிக் கொடுக்க வேண்டும், அதை அப்பா குரலாக மாற்றுவார்கள். இழுப்பு வரும், ஆனால் அது பேசிக் கொடுத்தவரின் இழுப்பு. வாட்ஸ்ஆப் வாய்ஸ் நோட் அமுக்கிச் சுருக்கிய ஆடியோ வேறு, பின்னால் ஃபேன் சத்தம் இருந்தால் அதையும் சேர்த்துக் குரல் என்று எடுத்துக்கொள்ளும். அதனால் ஒரே ஒரு கேள்வி: அந்த வசனத்தை எழுதப் போவது யார்?

டீக்கடை பெஞ்ச்:

அக்கா கேட்ட கேள்விதான் கேள்வி. மாமா கலைஞரை இழுத்ததால் நானும் அங்கிருந்தே வருகிறேன்.

2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் சுயசரிதை வெளியீட்டு விழாவில் திரையில் கலைஞர் வந்தார், மஞ்சள் துண்டு, கறுப்புக் கண்ணாடி எல்லாம் போட்டுக்கொண்டு. பாலுவைப் பாராட்டினார், மகனின் ஆட்சியையும் பாராட்டினார். அடுத்த மாதமே ஜெயலலிதா பிறந்தநாளுக்கு, அதாவது பிப்ரவரி 24-ல், அதிமுக அவர் குரலில் ஒரு ஆடியோவை விட்டது. அதில் அம்மா திமுகவைத் திட்டிவிட்டு எடப்பாடிக்குத் துணையாக நிற்கச் சொன்னார். இங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏனென்றால் அந்த அம்மா இறந்த பிறகு ஓபிஎஸ், சசிகலா, தினகரன், எடப்பாடி என்று ஆளாளுக்கு நான்தான் வாரிசு என்று நின்ற ஊர் இது. அந்தக் குரலை வைத்து ஓபிஎஸ் ஆட்கள் ஒரு ஆடியோ விட்டிருந்தால் அம்மா ஓபிஎஸ்ஸுக்குத் துணையாக நிற்கச் சொல்லியிருப்பார், தினகரன் ஆட்கள் விட்டிருந்தால் குக்கருக்கு ஓட்டுக் கேட்டிருப்பார். குரல் ஒன்றுதான், ஆள் யார் கையில் மைக் இருக்கிறதோ அவர். உயிரோடு இருந்தபோது அந்த அம்மா வாயில் ஒரு வார்த்தை போட இந்த ஆட்களில் ஒருவருக்காவது தைரியம் இருந்திருக்குமா? குனிந்த தலை நிமிர்ந்திருக்காது.

கலைஞர் விஷயத்தில் யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, மகனைப் பாராட்டியிருப்பார் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால். ஆனால் எனக்கு அதுவும் இடித்தது. அந்த மனுஷன் தன் வசனத்தைத் தானே எழுதினவர் ஐயா. அவருக்கே இன்னொருவன் எழுதிக் கொடுப்பதா?

கருப்புக் கோட்டு:

சட்டம் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், பழக்க தோஷம்.

உயிரோடு இருக்கிற பிரபலங்களுக்குப் பாதுகாப்பு ஓரளவு வந்துவிட்டது. 2015-லேயே ரஜினி தன் பெயரை ஒரு இந்திப் படத்தில் பயன்படுத்தியதை எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தார். 2023-ல் அனில் கபூருக்கு டெல்லியிலும், 2024-ல் ஏஐ குரல் விஷயமாகவே பாடகர் அரிஜித் சிங்குக்குப் பம்பாயிலும் தடை உத்தரவு கிடைத்தது. இறந்தவர்கள் கதை வேறு. ஜெயலலிதா வாழ்க்கையை வைத்து எடுத்த 'தலைவி' படத்தை எதிர்த்து அவர் அண்ணன் மகள் ஜெ. தீபா போட்ட வழக்கில் 2021-ல் சென்னை உயர் நீதிமன்றம், ஒருவரின் தனியுரிமையும் நற்பெயரும் அவரோடு முடிந்துவிடும், வீடு வாசல் போல வாரிசுக்கு இறங்காது என்று சொல்லிவிட்டது. அதனால் ரஹ்மான் குடும்பங்களிடம் கேட்டது சட்டத்துக்குப் பயந்து என்பதை விட மரியாதைக்கு என்றே எனக்குத் தோன்றுகிறது. பழைய கேசட் அண்ணன் "நீங்கள்தானே பிள்ளை" என்கிறாரே, சட்டப்படி பார்த்தால் பிள்ளைக்கும் அந்தக் குரல் சொத்து இல்லை. தடுக்கவும் ஆள் இல்லை. வீட்டில் தீர்க்க வேண்டியதை வீட்டில்தான் தீர்க்க வேண்டும்.

தாமிரபரணிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ட்ராக் அக்கா கேட்ட கேள்வியை நேற்று ராத்திரி மாமாவிடம் கேட்டேன். அவரே ஏற்கெனவே வசனம் எழுதி வைத்திருக்கிறார்! ஒரு முழு ஏ4 பக்கம். "அன்பு மகளே" என்று ஆரம்பிக்கிறது. அப்பா ஆயுசுக்கும் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை, 'ஏட்டி' என்பார், ரொம்பப் பாசம் என்றால் 'ஏ கழுத' என்பார். நடுவில் ஒரு வரி வருகிறது, "நான் இல்லாத குறை தெரியாமல் உங்களைப் பார்த்துக்கொள்ளும் மாமாவின் சொல்லைத் தட்டாதீர்கள்" என்று. மாமா நல்ல மனுஷன், கல்யாணச் செலவில் பாதி அவர் கை வைத்ததுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்பாவுக்கும் அவருக்கும் கிணற்றுப் பங்கு விஷயமாக ஆறு வருஷம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசிவரைக்கும்.

டீக்கடை பெஞ்ச்:

நான் சொன்னேன்ல. மைக் மாமா கையில்.

பழைய கேசட்:

அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டுப் போடலாமே. மற்றபடி மனுஷன் பாசத்தில்தான் செய்கிறார்.

கிளைமாக்ஸ் வெறியன்:

ஒரு வரியை வெட்டுவதில் ஆரம்பித்துத்தான் 'அம்பிகாபதி'யில் போய் முடிந்தது. 2013 படம், தனுஷ் கடைசியில் செத்துப்போவார், அந்தச் சாவுதான் படமே. 2025 ஆகஸ்டில் தயாரிப்பு நிறுவனம் ஏஐ வைத்து அவரைப் பிழைக்க வைத்து ரீரிலீஸ் செய்தது. இயக்குநர் ஆனந்த் எல். ராயும் எதிர்த்தார், நான் ஒத்துக்கொண்ட படம் இது இல்லை என்று தனுஷும் அறிக்கை விட்டார். ரெண்டு பேரும் உயிரோடு, குத்துக்கல்லாக இருக்கிறார்கள். அவர்கள் பேச்சே எடுபடவில்லை. இவருடைய அப்பாவும் மச்சானும் கடைசியில் ராசியாகிவிட்டதாக முந்நூறு பேர் நம்பிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இதுவும் கிளைமாக்ஸை மாற்றுவதுதான்.

ட்ராக் அக்கா:

சர்ப்ரைஸ் மட்டும் வேண்டவே வேண்டாம் தம்பி. மேடைக் கச்சேரியிலும் பாடுகிறேன், கல்யாண வீட்டில் செத்தவர் போட்டோவை ஸ்கிரீனில் போட்டாலே அந்த வீட்டுப் பெண்கள் முகத்தை என்னால் பார்க்க முடியாது. அம்மாவிடமும் தங்கச்சியிடமும் கேளுங்கள். அவர்கள் வேண்டும் என்றால் யார் என்ன சொன்னாலும் போடுங்கள், நான் உட்பட.

தாமிரபரணிக்காரன்:

கேட்டுவிட்டேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, "உங்களுக்கு எது சரியோ செய்யுங்க" என்று எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். தங்கச்சியிடம் மாமாவின் ஏ4 தாளைக் காட்டினேன். படித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அப்பா ரெண்டு நிமிஷம் தொடர்ந்து பேசி நீ கேட்டிருக்கியாண்ணே?" என்றாள். அதுவும் சரிதான். அப்புறம் ரெண்டு பேரும் உட்கார்ந்து பழைய வாய்ஸ் நோட்டுகளைக் கேட்டோம். பெரும்பாலும் பத்து செகண்டுக்குள், பாதிக்கு மேல் "மோட்டார் போட்டிருக்கேன், டாங்கி ரொம்பிட்டான்னு பாருல" என்றே இருக்கிறது. ஒன்றில் மட்டும் இவள் காலேஜ் ஃபீஸ் கட்டியதைச் சொல்லிவிட்டுப் போனை ஆஃப் செய்ய மறந்துவிட்டார், இருபது செகண்டுக்கு அவர் ஏதோ பழைய பாட்டை முனகிக்கொண்டு செருப்பைத் தேடுகிறார். எந்தப் பாட்டு என்று எங்கள் ரெண்டு பேருக்கும் பிடிபடவில்லை. அம்மா அடுப்படியிலிருந்தே பாட்டின் பெயரைச் சொன்னாள்.

மண்டபத்தில் எதுவும் போடவில்லை. வீடியோக்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. மாமாவுக்குத்தான் இன்னும் சொல்லவில்லை, முகூர்த்தப் பட்டு எடுக்கப் போகிற அன்றைக்கு நல்ல மூடில் இருப்பார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். அந்தச் செருப்புத் தேடுகிற ஆடியோவைத் தங்கச்சி தன் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

பழைய கேசட்:

சரி தம்பி, நான் தோற்றேன். எந்தப் பாட்டு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள், ராத்திரி தூக்கம் வராது.

டீக்கடை பெஞ்ச்:

மோட்டாரை யாராவது ஆஃப் பண்ணினீர்களா?