சையோ அஞ்சலகத்தில் கண்ட பெயர்

நண்பர்கள் பலரும் தாம் நேரில் சந்தித்த படைவீரர்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள்; நான் சந்தித்தது ஒரு பெயரை மட்டுமே. சில ஆண்டுகளுக்கு முன், நியூயார்க் மாநிலத்தின் அலெகனி மாவட்டத்தில் உள்ள சையோ என்ற சிற்றூரில் அஞ்சல்தலை வாங்கக் காரை நிறுத்தினேன். அந்த அஞ்சலகம் கார்ப்பரல் ஜேசன் டன்ஹம் பெயரைத் தாங்கியிருந்தது. அவ்வூர்ப் பிள்ளை என்பதைத் தவிர அன்று எனக்கு வேறொன்றும் விளங்கவில்லை. வீடு திரும்பிய பிறகுதான் தேடிப் படித்தேன்.

அவர் அமெரிக்க மரைன் படையில், அதாவது கடல்வழிச் சென்று தரையிலும் போரிடும் படையில், பணியாற்றியவர். அப்படை தொடங்கப்பட்ட நாளாகக் கொண்டாடப்படும் நவம்பர் 10ஆம் தேதியிலேயே, 1981இல் அவர் பிறந்திருக்கிறார். ஈராக்கில் தம் குழுவினரோடு இறுதிவரை இருக்க வேண்டும் என்பதற்காகவே பணிக்காலத்தை நீட்டித்துக்கொண்டவர். கைக்குண்டின் மேல் தலைக்கவசத்தைக் கவிழ்த்தால் வெடிப்பு அடங்குமா என்று முகாமில் தோழர்களோடு அவர் வாதிட்டதுண்டு என்பதைப் படித்தபோது சற்று நேரம் மேலே படிக்க முடியவில்லை. 2004 ஏப்ரல் 14 அன்று, சிரிய எல்லையை ஒட்டிய ஹுசைபாவுக்கு அருகில், வாகனங்களைச் சோதித்துக்கொண்டிருந்தபோது ஒருவன் பாய்ந்து அவர் கழுத்தைப் பிடித்தான். கட்டிப் புரண்ட அந்தச் சண்டையில் அவன் கையிலிருந்து குண்டு விழுந்ததும், டன்ஹம் தம் கவசத்தை அதன் மேல் கவிழ்த்துத் தாமும் அதன் மேல் விழுந்தார். கவசம் சிதறிப்போயிற்று. அருகில் இருந்த இரு மரைன்கள் காயத்தோடு தப்பினார்கள்.

நினைவு திரும்பாமலே கிடந்த அவர், ஏப்ரல் 22 அன்று அமெரிக்காவில் உள்ள பெத்தெஸ்டா கடற்படை மருத்துவமனையில், பெற்றோர் அருகிலிருக்க, 22 வயதில் உயிர்நீத்தார். 2007 ஜனவரி 11 அன்று வெள்ளை மாளிகையில் அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவீர விருதான மெடல் ஆஃப் ஆனர் பதக்கத்தை அவருக்காகப்ப் பெற்றோர் பெற்றுக்கொண்டனர். வியட்நாம் போருக்குப் பிந்தைய வீரச்செயலுக்காக அதைப் பெற்ற முதல் மரைன் அவர்தான். 2010இல் ஒரு போர்க்கப்பலும் அவர் பெயரோடு கடற்படையில் சேர்ந்தது.

இத்தகைய செயல்களைக் கணநேர வேகம் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். ஆனால் இவரோ குண்டும் கவசமும் மோதினால் என்ன ஆகும் என்று முன்பே யோசித்தவர். கவசம் தாங்காமலும் போகலாம் என்பது அவருக்குத் தெரியாததல்ல. அன்று வாங்கிய அஞ்சல்தலைகளில் ஒன்றை மட்டும் எந்த உறையிலும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன்.