வயிற்று அறுவை சிகிச்சைக்குப் பின் சுருங்கிய நுரையீரல் மடல்: வீட்டில் பிசியோதெரபி

கேள்வி (பாலக்கோடு):
அனைவருக்கும் வணக்கம். குடல் ஓட்டைக்காக வயிற்றில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட என் தந்தைக்கு (வயது 64), சளி அடைத்து வலது நுரையீரலின் கீழ் மடல் (கீழ்ப் பிரிவு) சுருங்கியிருப்பதாக எக்ஸ்ரே பார்த்துச் சொன்னார்கள். மூன்று பந்துகள் கொண்ட ஸ்பைரோமீட்டர் என்ற மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்து, வீட்டிலும் பயிற்சியைத் தொடரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தையல் வலிக்குப் பயந்து அவர் இருமவே மறுக்கிறார். எந்தப் பக்கம் படுக்கவைத்து முதுகில் தட்ட வேண்டும்?

பதில் 1 (கிருஷ்ணகிரி, பிசியோதெரபிஸ்ட்):
ஐயா, மடலை விரியவைப்பது அவர் இழுத்து நிறுத்தும் மூச்சுதான். தட்டுதல் அதற்குத் துணை. டாக்டர் எழுதிய வலி மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகே பயிற்சியை ஆரம்பியுங்கள். இடப்பக்கமாகப் படுக்கவைத்தால் வலது நுரையீரல் மேலே இருக்கும். சளி வடியவும் மடல் விரியவும் அதுவே ஏற்றது. மூக்கால் மெதுவாக ஆழ இழுத்து, 3 விநாடி நிறுத்தி விடட்டும். மூன்று நான்கு முறை ஆனதும் சற்று இயல்பாக மூச்சுவிடட்டும், இல்லாவிட்டால் தலை சுற்றும். பிறகு உட்காரவைத்து, மடித்த தலையணையைத் தையலின் மேல் இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தபடி, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல வாயைத் திறந்து 'ஹா' என்று வேகமாக விடச் சொல்லுங்கள். சளி மேலே வந்துவிட்டால் ஒரே இருமலில் வெளியேறும். ஸ்பைரோமீட்டரை ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும். மூன்று பந்துகளும் சட்டென்று துள்ளுவதைவிட ஒரு பந்து நெடுநேரம் மேலே நிற்பதே நல்லது.

பதில் 2 (தருமபுரி, செவிலியர்):
மேலே சொன்னது சளி அடைப்புக்குப் பொருந்தும். குழந்தை நிலக்கடலையை விழுங்கும்போது மூச்சுக்குழாயில் போய் மடல் சுருங்கியிருந்தால், தயவுசெய்து முதுகில் தட்டிக்கொண்டிருக்காதீர்கள். கடலை இடம் மாறிப் பெரிய குழாயை அடைத்துவிடக்கூடும்; பிராங்கோஸ்கோப்பி (மூச்சுக்குழாய்க்குள் கருவியைச் செலுத்திப் பார்க்கும் முறை) மூலம் அதை எடுத்தாக வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. கட்டிலின் கால்பக்கத்துக்குச் செங்கல் வைத்து உயர்த்தலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?

பதில் 1:
வேண்டாம். கீழ் மடலுக்குக் கால்பக்கத்தைச் சுமார் 45 செ.மீ. உயர்த்துவது பழைய முறைதான். ஆனால் புதிதாக வயிறு திறந்தவருக்கு, அதுவும் இந்த வயதில், தலை தாழ்ந்தால் மூச்சு முட்டும், உணவும் எதுக்களிக்கும். தட்டுவதானால் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, மெல்லிய துணியின் மேல், உள்ளங்கையைக் குழித்து, தோள்பட்டை எலும்புக்குக் கீழே விலாப்பகுதியில் மட்டும் தட்டுங்கள். முதுகுத்தண்டிலும் சிறுநீரகப் பகுதியிலும் கை படக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரென்றால் முதலில் டாக்டரைக் கேளுங்கள். 2021இல் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி அளிக்கும் ஏற்பாடு உண்டு; உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள். காய்ச்சல் வந்தாலோ, மூச்சுத்திணறல் கூடினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.