ரெஃப்ரி பத்தி கிளப் பேஜ்ல போஸ்ட், இப்போ வக்கீல் நோட்டீஸ்: என்ன செய்யணும்?

வியாசர்பாடி_விங்கர்:
பசங்களுக்கு இலவசமா ஃபுட்பால் கோச்சிங் கொடுக்குற சின்ன கிளப். பதிவு பண்ணலை. செமிஃபைனல்ல தோத்த ராத்திரி, பாஸ்வேர்டு வெச்சிருந்த பையன் ரெஃப்ரி போட்டோவோட "எவ்ளோ வாங்குனாரு?"ன்னு பேஜ்ல போட்டுட்டான். பேர் போடலை. வாட்ஸ்அப் குரூப்லயும் சுத்திடுச்சு. 7 நாளில் மன்னிப்பு கேட்கச் சொல்லி நோட்டீஸ் வந்திருக்கு. உடனே டெலிட் பண்ணிடலாமா? குரூப் அட்மின் மேல கேஸ் வருமா?

பாரிமுனை_கருப்புக்கோட்டு:
டெலிட் பண்ணணும், ஆனா அதுக்கு முன்னாடி ஒரு அரை மணி நேர வேலை இருக்கு. போஸ்ட்டோட லிங்க், தேதி, நேரம், கீழே இருக்கிற எல்லா கமென்ட்டும் தெரியுற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்க. எடுத்த போனை பார்மட் பண்ணாதீங்க. கோர்ட்ல அதைக் காட்டணும்னா பாரதிய சாட்சிய அதிநியமம் 2023 (புது சாட்சியச் சட்டம்), பிரிவு 63-ன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் கேட்பாங்க. அப்புறம் அன்னைக்கே போஸ்ட்டை டெலிட் பண்ணிடுங்க. போஸ்ட் நிக்குற ஒவ்வொரு நாளும் சேதம் கூடும்.

"கேள்வியாத்தானே கேட்டான், பேரே போடலையே"ங்கிற வாதம் நிக்காது. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 356 (பழைய இ.பி.கோ. 499, 500) கிண்டலா, மறைமுகமா சொன்னாலும் அவதூறுன்னுதான் சொல்லுது. போட்டோ இருக்கு, அந்த மேட்ச்சுக்கு ரெஃப்ரி ஒருத்தர்தான்; ஆள் யாருன்னு ஊருக்கே தெரியும். தண்டனை 2 வருஷம் வரை வெறுங்காவல், இல்ல அபராதம், இல்ல ரெண்டும், இல்ல சமூக சேவை. உண்மைன்னு வாதாடினா, அது உண்மைங்கிறதையும் பொது நலனுக்காகச் சொன்னதுங்கிறதையும் நிரூபிக்கிற பொறுப்பு உங்க மேல. காசு கைமாறினதுக்கு ஆதாரம் உண்டா? இல்லைன்னா அந்தப் பக்கமே போகாதீங்க.

பதிவில்லாத கிளப்புக்குச் சட்டத்துல தனி ஆள் அந்தஸ்து கிடையாது. போட்டவர், போடச் சொன்னவர் பேர்லதான் கேஸ் வரும். பதிவு பண்ணியிருந்தாலும் டைப் பண்ணவருக்கு அது கவசம் இல்ல. அட்மினா மட்டும் இருந்து வேற பங்கு எதுவும் இல்லாதவர் பேரை கேஸ்ல இருந்து எடுத்துடணும்னு 2021 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை சொல்லியிருக்கு. ஃபார்வர்டு பண்ணவங்களுக்கு அந்த நிம்மதி இல்ல: பகிர்ந்தா, அதை ஏத்துக்கிட்ட மாதிரிதான்னு 2018-ல சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிடுச்சு.

7 நாள்ங்கிறது அந்த வக்கீல் வெச்ச கெடு, சட்டத்துல இருக்கிற கெடு இல்ல. ஆனா பதில் போடாம இருக்காதீங்க. இது சமாதானமாப் போகக்கூடிய குற்றம். ரெஃப்ரி ஒத்துக்கிட்டா முடிச்சுக்கலாம். வக்கீல் வைக்க வசதி இல்லைன்னா சட்ட உதவிக்கு 15100-க்கு போன் போடுங்க.

வியாசர்பாடி_விங்கர்:
ரொம்ப நன்றி அண்ணா. மன்னிப்பை எப்படி எழுதுறது?

தண்டையார்பேட்டை_லைன்ஸ்மேன்:
மன்னிப்புலயே பலரும் சிக்கிக்கிறாங்க. பழைய குற்றச்சாட்டைத் திருப்பி எழுதினா மறுபடி பரப்பின கணக்கு. "யார் மனசாவது புண்பட்டிருந்தா"ன்னு எழுதினா எதிர்த்தரப்புக்கு இன்னும் கோபம் வரும். இப்படி எழுதலாம்:

"இந்தத் தேதியில் எங்கள் பக்கத்தில் நடுவரைப் பற்றி வெளியான பதிவுக்கு எந்த ஆதாரமும் இல்லை. அதை நீக்கிவிட்டோம். அவரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம்."

வக்கீல் பார்த்த பிறகு, அதே பேஜ்ல, குரூப்லயும் போடுங்க. 24 மணி நேரத்துல மறையுற ஸ்டோரியில போட்டா ஏத்துக்க மாட்டாங்க. கமென்ட்டை மூடி வையுங்க, இல்லைன்னா பசங்க அங்கயே மறுபடி ஆரம்பிப்பாங்க.

தப்பான விசிலால தோத்த பசங்க வலி நிஜம்தான். அதைச் சொல்லவும் ஒரு இடம் இருக்கு: "48-வது நிமிஷம், பெனால்டி பாக்ஸுக்குள்ள கையில பந்து, விசில் இல்லை"ன்னு வீடியோவோட போட்டி கமிட்டிக்கு எழுத்துல புகார் கொடுங்க. புகார் வாங்கி விசாரிக்கிற அதிகாரம் இருக்கிறவங்க கிட்ட நல்லெண்ணத்தோட சொல்ற குற்றச்சாட்டுக்கு 356-லயே விலக்கு இருக்கு. அதே கடிதத்தை போட்டோ எடுத்து பேஜ்ல போட்டா அந்தப் பாதுகாப்பு போயிடும். புகார் கொடுக்கிற நேரக் கெடுவும் கட்டணமும் போட்டி விதிமுறைத் தாள்ல இருக்கும். மேட்ச்சுக்கு முன்னாடியே படிச்சு வையுங்க.

பாஸ்வேர்டை இன்னைக்கே மாத்துங்க, டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுங்க. ஒருத்தர் எழுதணும், இன்னொருத்தர் பார்த்த பிறகுதான் போகணும். தோத்த அன்னைக்கு ஸ்கோரைத் தவிர எதுவும் வேணாம். மேட்ச் நாள்ல வாட்ஸ்அப் குரூப்ல "அட்மின் மட்டும் அனுப்பலாம்"னு மாத்தி வையுங்க. மெம்பர் போட்ட மெசேஜை அட்மினே எல்லாருக்கும் டெலிட் பண்ற வசதியும் இருக்கு.

அப்புறம், எதிர் டீம் பையன் வயசைக் குறைச்சு ஆடுறான்னு ஆதாரைக் குரூப்ல போடுறதும் நம்ம பக்கம் நடக்குது. அவன் சின்னப் பையன். அதையும் கமிட்டி கிட்ட மட்டும் கொடுங்க.