ஆறு வாரமாகியும் பாலைப் பட்டாணி முளைக்கவில்லை, என்ன செய்வது?

கலைவாணி, மெல்பர்ன்:
வணக்கம். சென்ற ஆண்டு காரில் அடிலெய்டைத் தாண்டி, போர்ட் அகஸ்டாவுக்கு வடக்கே ஒரு பண்ணையில் தங்கினோம். அங்கே ஸ்டர்ட் பாலைப் பட்டாணி தரையோடு தரையாகப் படர்ந்து கிடந்தது. இரத்தச் சிவப்பு இதழும் நடுவே பளபளக்கும் கறுப்புக் குமிழும் இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, காய்ந்த காய்களிலிருந்து இருபது விதை எடுத்தேன். விதைத்து ஆறு வாரமாகிறது, ஒன்றும் முளைக்கவில்லை. தோண்டிப் பார்த்தால் போட்டது போட்டபடி கல்லாக இருக்கிறது. கிப்ஸ்லாந்தில் தோழியின் தோட்டத்தில் பறித்த ரம்பப் பாங்க்சியா என்ற ஆஸ்திரேலிய மரத்தின் விதைக்கூம்பும் வாய் திறக்கவில்லை. இன்னொன்றும் கேட்க வேண்டும்: கொத்தகிரியில் இருக்கும் அக்காவுக்குக் கொஞ்சம் வாட்டில் (ஆஸ்திரேலிய வேல இன மரம்) விதை கொண்டுபோகலாமா?

முத்துவேல், அடிலெய்ட்:
கல்லாக இருப்பது நல்லதுதான் அம்மா, விதை அழுகவில்லை. அதன் உறைக்குள் நீர் எளிதில் புகாது. பாலையில் ஒரு தூறலை நம்பி முளைத்த செடி அடுத்த வாரமே கருகிவிடும். அதனால்தான் அந்த உறை அவ்வளவு கெட்டி. விதைகளைத் தோண்டி எடுங்கள். காயோடு ஒட்டியிருந்த தழும்பு இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, மறுபக்கத்தை உப்புத்தாளில் வெளிர்நிறம் தெரியும்வரை தேயுங்கள். ஓர் இரவு வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். காலையில் உப்பியதை உடனே விதையுங்கள். உப்பாததை இன்னும் கொஞ்சம் தேய்த்து மறுபடி ஊறவையுங்கள்.

வேரைத் தொட்டால் இந்தச் செடி பொறுக்காது. முதல் ஆண்டு நான் ஏழு நாற்றுகளைப் பிடுங்கி நட்டேன், ஏழும் போயின. இப்போது ஆழமான தொட்டியில் மணல் கலந்து, கடைசிவரை இருக்கப்போகும் இடத்திலேயே விதைக்கிறேன்.

செல்வி, பெர்த்:
பாங்க்சியாவுக்கு நெருப்பின் சூடு வேண்டும். கூம்பை மின்சார அவனில் (oven) 120 முதல் 140 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் வையுங்கள். அருகிலேயே நில்லுங்கள், வாய் பிளந்ததும் எடுத்துவிட வேண்டும். பிறகு ஓர் இரவு நீரில் ஊறவைத்து உலர்த்தினால் விதை தளர்ந்து வரும். ஒவ்வொரு வாய்க்குள்ளும் பெரும்பாலும் இரண்டு விதை இருக்கும், இரண்டுக்கும் நடுவே கட்டையான ஒரு தடுப்பும் இருக்கும். அதற்கும் சிறகு உண்டு. பலர் அதையே விதை என்று நட்டுவிட்டு மாதக்கணக்கில் நீர் ஊற்றுகிறார்கள்! நாற்று வந்தபின் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிகுந்த உரம் போட்டுவிடாதீர்கள். சத்தில்லாத மண்ணுக்குப் பழகிய வேர் அது, கிடைத்ததை எல்லாம் உறிஞ்சிக்கொண்டு நஞ்சேறிப் போகும்.

முத்துவேல், அடிலெய்ட்:
வாட்டில் விதையைக் கொத்தகிரிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். தோல் பதனிடும் பட்டைக்காக நீலகிரியில் வளர்க்கப்பட்ட கறுப்பு வாட்டில், சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளை விழுங்கிக்கொண்டிருக்கிறது. அதன் விதை மண்ணுக்குள் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். புல்வெளி மீட்புக்காக அங்கே மரத்தை வெட்டிவிட்டு, வருடக்கணக்கில் நாற்றைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். போதாததற்கு, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதையை இந்தியாவுக்குக் கொண்டுபோக முடியாது. அக்காவுக்குப் பூவின் படம் அனுப்புங்கள்.

கலைவாணி, மெல்பர்ன்:
அக்காவிடம் சொல்லிவிட்டேன். அவர் வீட்டுக்குப் பின்னால் நிற்பதும் வாட்டில்தானாம், எனக்கு இதுநாள்வரை தெரியவில்லை. இருபது விதைகளையும் நேற்று இரவு தேய்த்து ஊறவைத்தேன். காலையில் பதின்மூன்று உப்பியிருந்தன. மீதி ஏழும் மறுபடி உப்புத்தாளுக்குப் போகின்றன.