அடியில் இருக்கும் கோபால்ட்டைத் தனியாக அளப்பது எப்படி?

மெல்லடுக்கு:
சிலிக்கான் மேல் கோபால்ட், அதன் மேல் 3 நானோமீட்டர் காப்பர், 5 நானோமீட்டர் பெர்மலாய் (நிக்கல்-இரும்பு உலோகக்கலவை), மூடியாக 2 நானோமீட்டர் அலுமினியம். மாதிரியின் மொத்தக் காந்தமாக்கத்தை அளக்கும் ஸ்க்விட் கருவியில் இரண்டு படிகளோடு ஹிஸ்டெரிசிஸ் வளைவு (காந்தப்புலத்தை ஏற்றி இறக்கும்போது காந்தமாக்கம் மாறும் வரைபடம்) வருகிறது. பெர்மலாய் முதலில் திரும்புகிறது என்பது புரிகிறது, ஆனால் நடுவில் உள்ள சரிவு எந்த அடுக்கினுடையது என்று பிரிக்க முடியவில்லை. கைடு சிங்க்ரோட்ரானில் எக்ஸ்எம்சிடி (வலது, இடது வட்டமுனைவு எக்ஸ் கதிர்களை உட்கவர்வதில் உள்ள வேறுபாட்டை வைத்து ஒவ்வொரு தனிமத்தின் காந்தத்தன்மையையும் அளக்கும் முறை) செய்யச் சொல்கிறார், அங்கே கதிரைப் பயன்படுத்தும் நேரமான பீம்டைமும் கிடைத்துவிட்டது. எதைக் கவனிக்க வேண்டும்?

எல்3விளிம்பு:
சரியான யோசனைதான். வட்டமுனைவாக்கிய எக்ஸ் கதிரின் ஆற்றலைக் கோபால்ட் எக்ஸ் கதிரைப் பலமாக உட்கவரும் எல்3 விளிம்பின் உச்சியில், அதாவது 778 எலக்ட்ரான் வோல்ட் பக்கம் நிறுத்திவிட்டுக் காந்தப்புலத்தை மட்டும் ஏற்றி இறக்கினால் கோபால்ட்டின் வளைவு தனியாக வரும். பெர்மலாய்க்கு நிக்கல், 853 பக்கம். உங்கள் காந்தமாக்கம் படலத்தின் தளத்திலேயே கிடக்கும், அதனால் கதிரைச் செங்குத்தாக விட்டால் சிக்னலே இருக்காது, நன்றாகச் சாய்த்து விடுங்கள்.

சிக்கல் ஆழத்தில்தான். மாதிரியின் மின்னோட்டத்தை அளக்கும் எலக்ட்ரான் யீல்ட் முறையில் மேலே உள்ள சில நானோமீட்டர்தான் நன்றாகத் தெரியும். உங்கள் கோபால்ட் 10 நானோமீட்டருக்குக் கீழே கிடக்கிறது, இரைச்சலோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். போதாததற்குக் காந்தப்புலம் மாறும்போது வெளியேறும் எலக்ட்ரான்களின் பாதையும் மாறி, பூஜ்யப் புலத்தருகே வளைவில் இல்லாத கூர்முனை ஒன்று முளைக்கும். ஒவ்வொரு புலத்திலும் விளிம்புக்கு முந்தைய ஆற்றலிலும் அளந்து அதால் வகுத்துவிடுங்கள்.

இடைமுகம்:
மாதிரி திரும்ப உமிழும் எக்ஸ் கதிரை எண்ணும் ஃப்ளூரசன்ஸ் முறையில் அளந்தால் ஆழத் தொல்லை பெருமளவு தீரும். ஆனால் கோபால்ட், நிக்கல் போன்ற 3டி உலோகங்களின் எல் விளிம்பில் அந்த எண்ணிக்கை உட்கவர்தலுக்கு நேர்விகிதமாக இருக்காது, அதை வைத்துக் கூட்டல் விதியில் (நிறமாலையின் பரப்பிலிருந்து அணுவின் காந்தத் திருப்புத்திறனைப் பெறும் சூத்திரம்) இத்தனை போர் மேக்னட்டான் (அந்தத் திருப்புத்திறனின் அலகு) என்று கணக்கு எடுக்க வேண்டாம். வளைவின் வடிவம் மட்டும் போதும் என்றால் தாராளமாகச் செய்யலாம்.

காப்பரின் எல்3 விளிம்பான 932 எலக்ட்ரான் வோல்ட்டையும் பார்க்க ஆசை வரும். கோபால்ட்-காப்பர் பல்லடுக்குகளில் காப்பருக்குள் தூண்டப்படும் சிறு காந்தத்தன்மையை 1994லேயே இப்படிக் காட்டிவிட்டார்கள். ஒற்றை 3 நானோமீட்டர் காப்பரில் சிக்னல் மிகச் சிறியது, முதல் பீம்டைமை அதில் கரைக்காதீர்கள்.

மெல்லடுக்கு:
நன்றி. கோபால்ட்டை மேலே வைத்து இன்னொரு மாதிரி ஸ்பட்டர் முறையில் படிய வைத்துவிட்டால் என்ன?

எல்3விளிம்பு:
செய்யலாம், ஆனால் அது வேறு மாதிரி. எதன் மேல் வளர்கிறது என்பதைப் பொறுத்துக் கோபால்ட்டின் கோயர்சிவிட்டியே (காந்தமாக்கத்தைத் திருப்பத் தேவையான புலம்) மாறும். பழைய மாதிரியையும் கையோடு கொண்டுபோய், கோபால்ட்டை ஃப்ளூரசன்ஸிலும் நிக்கலை எலக்ட்ரான் யீல்டிலும் அளந்துவிடுங்கள்.