உதவித்தொகை இரண்டாம் ஆண்டும் வருமா, எப்படி உறுதி செய்வது?

அக்கா மகளுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. எதில் சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியாமல் திணறுகிறோம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அவளுக்குப் பிடித்த கல்லூரியில் கட்டணம் அதிகம், ஆனால் உதவித்தொகை தருகிறார்கள். அனுமதிக் கடிதத்தில் உதவித்தொகையையும் கல்விக்கடனையும் அடுத்தடுத்துப் போட்டு, கீழே ஒரே கூட்டுத்தொகை. அத்தான் அதைப் பார்த்துவிட்டு எல்லாமே இலவசம் என்று நினைத்துவிட்டார்! கடனைக் கழித்து, விடுதி, புத்தகம், பயணச் செலவு எல்லாம் சேர்த்து எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். முதல் ஆண்டுக்கு இரண்டு கல்லூரியும் ஏறக்குறைய ஒன்றுதான்.

சிக்கல் அதற்கப்புறம். 'திருப்திகரமான மதிப்பெண் இருந்தால் புதுப்பிக்கப்படும்' என்று ஒற்றை வரி. எவ்வளவு மதிப்பெண்? ஒரு பாடத்தில் தவறினால் மொத்தமும் போய்விடுமா? கட்டணம் ஏறினால் தொகையும் ஏறுமா? ஒன்றுமே இல்லை.

அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதே வரியை ஒட்டித் திருப்பி அனுப்பினார்கள். போனில் கேட்டால் 'பெரும்பாலும் கிடைச்சிடும்' என்கிறார்கள். சீனியர் மாணவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

புதுப்பிப்பு நிபந்தனைகளை எழுத்தில் வாங்கியவர்கள் இருந்தால், யாரிடம், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள்?