கர்ணனை எதை வைத்து எடைபோடுவது?

கேள்வி: கர்ணன் என்றாலே ஒரு பக்கம் "வள்ளல்", மறுபக்கம் "சபையில் திரௌபதியை அவமதித்தவன்" என்று முட்டிக்கொள்கிறோம். ஒரே ஆளைப் பற்றித்தான் பேசுகிறோமா?

பதில் 1: இல்லை, அதுதான் சிக்கலே. பாதிப் பேர் மனதில் இருப்பது 1964-இல் வந்த சிவாஜியின் கர்ணன், மீதிப் பேருக்கு வியாச பாரதம். எந்தப் பிரதி என்று முதலில் சொல்லிவிட்டு வாதாடுங்கள். சுயம்வரத்தில் "சூதனை (தேரோட்டி குலத்தவனை) மணக்க மாட்டேன்" என்று திரௌபதி மறுத்ததைத்தான் கர்ணன் கட்சி எப்போதும் எடுத்து வைக்கிறது. பல சுவடிகளை ஒப்பிட்டுப் புணே பண்டார்கர் நிறுவனம் வெளியிட்ட மகாபாரதச் செம்பதிப்பில் அது மூலபாடத்தில் இல்லை. இடைச்செருகல் என்று விலக்கிவிட்டார்கள். ஆனால் கர்ணன் அவளை வேசி என்று இழித்ததும், ஆடையைக் களையச் சொன்னதும் சபா பருவத்தின் மூலபாடத்திலேயே இருக்கின்றன. அந்தப் பதிப்பை வைத்துப் பேசினால் 'பட்ட அவமானத்துக்குப் பழி' என்ற வாதம் நிற்காது.

பதில் 2: சபா பருவத்தோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. துரியோதனனை மகிழ்விக்கப் பாண்டவர்களிடம் கடுஞ்சொல் பேசியதற்காக இன்று வருந்துகிறேன் என்று உத்தியோக பருவத்தில் கிருஷ்ணனிடம் அவனே சொல்கிறான். கவனியுங்கள், அந்த வரியில் திரௌபதி இல்லை. எனக்கு அவனுடைய மிகப் பெரிய குறை அதுதான்.

பதில் 3: அபிமன்யுவை விட்டுவிட்டீர்களே. துரோணர் சொன்ன உபாயப்படி அவன் வில்லை அறுத்தது கர்ணன்தான். தேர்ச்சக்கரம் புதைந்தபோது கர்ணன் தர்மம் பேச, கிருஷ்ணன் திருப்பிக் கேட்பது இதையும் சேர்த்துத்தான். கர்ண பருவத்தில் அந்த உரையாடலை முழுதாகப் படித்துவிட்டு வாருங்கள், மேற்கொண்டு பேசலாம்.